கொரியாவிலிருந்து தத்துப் போன குழந்தைகள்: வளர்ந்த வீடு எவ்வளவு தீர்மானிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "எல்லாம் வளர்ப்பு சரியில்லை" என்றும் சொல்வோம். இரண்டில் எது எவ்வளவு என்று சாதாரணக் குடும்பங்களை வைத்து அளக்க முடியாது, ஏனென்றால் ரத்தம் கொடுப்பவர்களும் சோறு போடுபவர்களும் அங்கே ஒரே ஆட்கள். கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தத்துப் போன குழந்தைகள் விஷயத்தில் அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. அவர்களை வைத்து இத்தனை ஆய்வுகள் வந்ததற்குக் காரணம் அதுதான். பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

ஏன் குறிப்பாகக் கொரியக் குழந்தைகள்?

முதல் காரணம் எண்ணிக்கை. 1953இல் கொரியப் போர் ஓய்ந்ததிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் குழந்தைகள் தென்கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருக்கிறார்கள். பாதிக்கு மேல் அமெரிக்கா, மீதி பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க், நார்வே, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று பிரிந்து போனது. ஆரம்பத்தில் போனவர்களில் பலர் வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். 1955இல் ஆரிகன் மாநிலத்து விவசாயி ஹாரி ஹோல்ட்டும் அவர் மனைவி பெர்த்தாவும் ஒரே சமயத்தில் 8 கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். இருந்த சட்டம் இடம் கொடுக்காததால் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அவர்கள் தொடங்கியதுதான் ஹோல்ட் தத்தெடுப்பு அமைப்பு.

பலர் நினைப்பது போல இது போர்க்கால விவகாரமாக முடிந்து போகவில்லை. உச்சம் வந்தது 1980களில், நாடு மளமளவென்று பணக்கார நாடாகிக்கொண்டிருந்தபோது. 1985ஆம் வருடம் மட்டும் 8,837 குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆகாத இளம் தாய்மார்களின் பிள்ளைகள், போரோடு எந்த சம்பந்தமும் இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதைக் குழந்தை ஏற்றுமதி என்று எழுதி மானத்தை வாங்கிய பிறகு எண்ணிக்கை வேகமாக இறங்கியது.

இரண்டாவது காரணம், ஆய்வாளர்களுக்கு முக்கியமான காரணம், எந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போனது என்பது முடிவான விதம்.

அது எப்படி முடிவானது?

ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் தகுதி பெற்ற அமெரிக்கத் தம்பதிகளின் கோப்புகள், மனு வந்த தேதி வாரியாக. இன்னொரு பக்கம் கொரியாவிலிருந்து கிளம்பத் தயாரான குழந்தைகளின் கோப்புகள். இந்தக் குவியலில் மேலே இருப்பது அந்தக் குவியலில் மேலே இருப்பதோடு சேரும், அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவருக்கு அடுத்த மூட்டை. டாக்டர் வீட்டுக்கு நல்ல களையான குழந்தை, லாரி டிரைவர் வீட்டுக்கு மிச்சம் என்று யாரும் பொறுக்கிக் கொடுக்கவில்லை. குழந்தையின் பெற்றோர் படித்தவர்களா, பாடியவர்களா என்று பார்த்து அதற்கேற்ற வீடு தேடவும் இல்லை.

சாதாரணமாகத் தத்தெடுப்பில் இப்படி நடக்காது. சமூக சேவகி ஒருவர் "இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குப் பொருந்தும்" என்று பார்த்துத்தான் சேர்ப்பார். அப்படிச் சேர்த்த பிறகு, படித்த வீட்டில் வளர்ந்த பிள்ளை நன்றாகப் படித்தால் அது வீட்டினாலா, ஏற்கெனவே அப்படிப் பார்த்துக் கொடுத்ததாலா என்று பிரிக்கவே முடியாது. ஹோல்ட் அமைப்பின் வரிசை முறையில் அந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று விருப்பம் சொன்னவர்கள் உண்டு, அதையும் வந்த வருடத்தையும் கணக்கில் கழித்துவிட்டால் மீதி ஏறக்குறைய சீட்டுக் குலுக்கல்தான்.

டார்ட்மத் கல்லூரிப் பொருளியல் பேராசிரியர் புரூஸ் சாசர்டோட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 1964க்கும் 1985க்கும் இடையில் ஹோல்ட் வழியாக அமெரிக்க வீடுகளுக்கு வந்தவர்கள் பெரியவர்களான பிறகு அந்தக் குடும்பங்களைத் தேடி விவரம் கேட்டு, 2007இல் கட்டுரை வெளியிட்டார். குலுக்கல் உண்மையிலேயே குலுக்கல்தானா என்று சோதிக்க ஒரு வழி இருந்தது. குழந்தை வந்தபோது இருந்த எடை, உயரம், வயது இவற்றுக்கும் வளர்ப்புப் பெற்றோரின் படிப்பு, வருமானம் இவற்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

ஒரு குறை: கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் போலத்தான் பதில் அனுப்பினார்கள். பிள்ளையோடு பேச்சுவார்த்தையே அறுந்துபோன வீடுகள் பதில் போட்டிருக்குமா? கொஞ்சம் குறைவாகத்தான் போட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, என்ன கண்டுபிடித்தார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டு வகை வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அம்மா அப்பா இருவரும் நாலு வருடக் கல்லூரிப் படிப்பு முடித்து, வீட்டில் மொத்தம் மூன்று அல்லது அதற்குக் குறைவான பிள்ளைகள் உள்ள வீடு. இன்னொன்று, இருவருமே கல்லூரிப் பட்டம் வாங்காத, நாலும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள வீடு. முதல் வகை வீட்டுக்குப் போன கொரியக் குழந்தை இரண்டாவது வகைக்குப் போன குழந்தையைவிடச் சராசரியாக முக்கால் வருடம் அதிகம் படித்திருக்கிறது. பட்டம் வாங்கும் வாய்ப்பு 16 சதவீதப் புள்ளிகள் கூடியிருக்கிறது. வெறும் வரிசை எண் செய்த வேலை இது. ஒரு வாரம் முன்னால் கோப்பு வந்திருந்தால் வேறு வீடு, வேறு வாய்ப்பு.

அதே நேரத்தில் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். வளர்ப்புத் தாய் ஒரு வருடம் கூடுதலாகப் படித்திருந்தால் தத்துப் பிள்ளையின் படிப்பு 0.09 வருடம் கூடுகிறது. அதே வகைக் குடும்பங்களில் பெற்ற பிள்ளைக்கு அது 0.32. ஆக, அம்மாவின் படிப்பு பெற்ற பிள்ளைக்குக் கடத்தப்படுவதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் தத்துப் பிள்ளைக்குப் போகிறது. "நான் படித்தேன், என் பிள்ளையும் படித்தது, எல்லாம் என் வளர்ப்பு" என்று மார்தட்டும் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது.

14 சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

அந்தக் கட்டுரையில் இருந்து ஊரெல்லாம் சுற்றும் எண் அது, பெரும்பாலும் தப்பாக. "என் படிப்புக்கு 14 சதவீதம் அம்மா அப்பா காரணம், மீதி நான்" என்று பொருள் இல்லை. ஒரு தனி மனிதனின் படிப்பை அப்படித் துண்டு போட முடியாது, சாம்பாரில் எத்தனை சதவீதம் அடுப்பு என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. ஆய்வில் இருந்தவர்களில் ஒருவர் பள்ளியோடு நிறுத்தினார், இன்னொருவர் முனைவர் பட்டம் வரை போனார், இந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கை "எந்த வீட்டில் வளர்ந்தார்" என்பதை வைத்து விளக்கலாம் என்று கேட்டால் பதில் 14 சதவீதம்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு கொரியக் குழந்தைகள் ஒரே வீட்டில் அக்கா தம்பியாக வளர்கிறார்கள். பெரியவர்களானதும் படிப்பில் இவர்கள் இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்களோ, அந்த ஒற்றுமைக்கு வீட்டைத் தவிர வேறு காரணம் கிடையாது. அதுதான் வீட்டின் பங்கு. அதே வீடுகளில் பெற்ற பிள்ளைகள் இருவர் இருந்தால் அவர்களிடம் வீடும் பொது, மரபணுவிலும் சராசரியாகப் பாதி பொது. அவர்களின் ஒற்றுமையில் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அது அந்தப் பாதி மரபணுவின் வேலை, இரண்டால் பெருக்கினால் மரபணுவின் முழுப் பங்கு. கழித்தல், பெருக்கல், அவ்வளவுதான் வித்தை.

இதில் ஓட்டைகள் உண்டு. பெற்ற பிள்ளைகள் இருவரும் ஒரே கருப்பையில் இருந்தவர்கள், அங்கே கிடைத்த நல்லதும் கெட்டதும் இந்தக் கணக்கில் மரபணுவின் பெயரில் எழுதப்பட்டுவிடும். அப்புறம், வீட்டிலும் சேராமல் மரபணுவிலும் சேராமல் ஒரு பெரிய மிச்சம் நிற்கும். ஒருவனுக்கு மட்டும் வாய்த்த வாத்தியார், சேர்ந்த சேர்க்கை, பத்தாம் வகுப்பில் வந்த மஞ்சள் காமாலை, கேள்வித்தாளில் தப்பாக நிரப்பிய பதில் எல்லாமே அதில்தான்.

இன்னொன்று, 14 என்பது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் விளைவு அவ்வளவு சின்னது இல்லை. பங்கு என்பது வர்க்கத்தில் போடும் கணக்கு, விளைவைப் பார்க்க வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.14க்கு அது 0.37. வீட்டின் தரத்தில் ஒரு திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு) மேலே போனால் படிப்பில் ஒரு திட்டவிலக்கத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்கிறது. பள்ளிக் கல்வித் திட்டங்கள் பல இவ்வளவு நகர்த்தினாலே மாலை போட்டுக் கொண்டாடுவார்கள்.

பணக்கார வீட்டுக்குப் போன குழந்தைகள் பணக்காரர்கள் ஆனார்களா?

அப்படி இல்லை. வளர்ப்புப் பெற்றோரின் வருமானத்துக்கும் தத்துப் பிள்ளை பின்னாளில் சம்பாதித்ததற்கும் உள்ள தொடர்பு பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. பெற்ற பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தெளிவாக இருக்கிறது. பிள்ளையின் பிற்கால வாழ்க்கையோடு ஒட்டி நகர்ந்தவை பெற்றோரின் படிப்பும் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதும்தான். எந்தத் தெருவில் வீடு, அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம் என்பவை அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன.

பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம், எனக்கும் முதலில் நம்பக் கஷ்டமாக இருந்தது. எளிய விளக்கம், பெற்றோரின் நேரமும் கல்லூரிப் பணமும் பங்கு போடப்படுகிறது என்பது. ஆனால் நிறையப் பிள்ளை வேண்டும் என்று முடிவெடுக்கும் வீடுகள் வேறு விதங்களிலும் வேறுபட்டவையாக இருக்கலாம். குலுக்கல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பியதே தவிர, வீட்டுக்குள் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குலுக்கிப் போடவில்லை. அதனால் "பெரிய குடும்பத்துக்குப் போனது பாதித்தது" என்று சொல்லலாம், "தம்பி பிறந்ததால் பாதித்தது" என்று சொல்ல முடியாது.

குடி, சிகரெட், உடம்பு எடை?

இங்கேதான் சுவாரசியம். குடிப் பழக்கத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 33 சதவீதம் வளர்ந்த வீட்டைச் சேர்ந்தது. படிப்பில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வளர்ப்புத் தாய் குடிப்பவராக இருந்தால் தத்துப் பிள்ளையும் குடிக்கும் வாய்ப்பு, பெற்ற பிள்ளைக்கு உள்ளதைப் போலவே கூடுகிறது. சிகரெட்டும் கிட்டத்தட்ட அதே கதை. எந்தத் தரத்துக் கல்லூரியில் சேர்ந்தார் என்பதும் இந்தப் பட்டியலில் வருகிறது, அதில் வீட்டின் பங்கு 35 சதவீதம். எத்தனை வருடம் படிக்கிறோம் என்பதைவிட எங்கே படிக்கிறோம் என்பதில் வீட்டின் கை அதிகம். யோசித்தால் புரிகிறது, எந்தக் கல்லூரிக்கு எப்போது மனு போட வேண்டும் என்று தெரிந்த அப்பா இருப்பது ஒரு தனிச் சொத்து.

உடம்பு எடைக்கு வந்தால் தலைகீழ். வளர்ப்புப் பெற்றோர் குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் தத்துப் பிள்ளையின் எடையில் அது ஏறக்குறைய தெரியவே இல்லை. ஒரே சமையலறை, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே குளிர்சாதனப் பெட்டி, அப்படியும். உயரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே தீர்ந்துவிட்டதா? வளர்ப்பு வீண்தானா?

இந்தத் தாவல்தான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. இந்த ஆய்வில் எந்த மாதிரி வீடுகள் இருந்தன என்று பாருங்கள். ஹோல்ட் அமைப்பு கண்டவருக்கெல்லாம் குழந்தை கொடுக்கவில்லை. தம்பதிக்கு வயது 25இலிருந்து 45க்குள், கல்யாணமாகிக் குறைந்தது மூன்று வருடம், ஏற்கெனவே நாலுக்கு மேல் பிள்ளை கூடாது, வருமானம் வறுமைக் கோட்டைவிட 25 சதவீதமாவது மேலே. வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுத்தான் ஒப்புதல். ஒப்பிடப்பட்டவை எல்லாம் நல்ல வீடும் இன்னும் கொஞ்சம் நல்ல வீடும்தான். பட்டினி வீடு, அடி உதை வீடு, பள்ளிக்கூடமே இல்லாத ஊர் எதுவும் குலுக்கலில் கிடையாது, குறைந்தபட்சம் இருக்கக் கூடாது என்பது விதி. காவிரிப் பாசன வயல்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு விளைச்சலுக்குத் தண்ணீர் முக்கியமில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

ஏற்றத்தாழ்வு பெரிதாக இருக்கும்போது என்ன ஆகிறது என்பதைக் காட்டும் பழைய ஆய்வு ஒன்று உண்டு, இதுவும் கொரியக் குழந்தைகளைப் பற்றியதே. மைரன் வினிக்கும் சக ஆய்வாளர்களும் 1975இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. சிறு வயதிலேயே அமெரிக்க வீடுகளுக்குப் போன கொரியப் பெண் குழந்தைகள் 141 பேர். கொரியாவில் பதிவான உயரத்தை வைத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: கடும் சத்துக்குறைவு, ஓரளவு குறைவு, நல்ல ஊட்டம். ஆரம்பப் பள்ளி வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்தபோது சராசரி 102, 106, 112. எலும்பும் தோலுமாக வந்த குழு உட்பட மூன்றுமே அமெரிக்கச் சராசரியான 100க்கு மேல். அதே சத்துக்குறைவோடு பழைய சூழலுக்கே திரும்பிப் போகும் குழந்தைகள் பொதுவாக எவ்வளவு பின்தங்குவார்கள் என்று அப்போதைய மருத்துவர்களுக்குத் தெரியும், அதனால்தான் இந்த முடிவு பரபரப்பானது. ஆனால் 102க்கும் 112க்கும் நடுவில் உள்ள இடைவெளி மூடவில்லை என்பதையும் விட்டுவிடக் கூடாது. புது வீடு நிறையக் கொடுத்தது, முதல் இரண்டு வருடத்துப் பசியை முழுக்க அழிக்கவில்லை.

அறிவுத்திறன் பெரியவர்களான பிறகும் வீட்டைப் பொறுத்து மாறுகிறதா?

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேட் மெக்யூ, வில்லியம் ஐகோனோ குழு 409 தத்துக் குடும்பங்களையும் 208 சாதாரணக் குடும்பங்களையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தத் தத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கொரியாவில் பிறந்தவர்கள். முப்பதைத் தாண்டிய பிறகு சோதித்தபோது வளர்ப்புப் பெற்றோரின் மதிப்பெண்ணுக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் ஒற்றுமை ஏறக்குறைய இல்லை.

இதற்கு எதிராக ஒரு ஜோடி. ஒரே கருவில் உண்டான இரட்டைப் பெண்கள், 1974இல் பிறந்தவர்கள். இரண்டு வயதில் பாட்டியோடு சந்தைக்குப் போன இடத்தில் ஒருத்தி காணாமல் போனாள், தேடிக் கிடைக்கவில்லை, பிறகு அமெரிக்காவுக்குத் தத்துப் போனாள். மற்றவள் கொரியாவில் பெற்றோரோடு வளர்ந்தாள். நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து டிஎன்ஏ பரிசோதனையால் இணைந்தார்கள். நான்சி சீகலும் ஹுர் யூன்மியும் 2022இல் எழுதிய ஆய்வின்படி, குணத்தில் இருவரும் நிறைய ஒத்திருந்தார்கள், அறிவுத்திறன் சோதனையில் மட்டும் அமெரிக்காவில் வளர்ந்தவர் 16 புள்ளி குறைவு. அவருக்குத் தலையில் அடிபட்ட அனுபவங்களும் இருந்தன. ஒரே ஒரு ஜோடிதான், இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. அமெரிக்கா போனாலே மூளை வளரும் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லி வைப்பேன்.

தத்துப் போன பிள்ளைகள் மனதளவில் நன்றாக இருக்கிறார்களா?

பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள், படித்து வேலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரான்சில் கலாசார அமைச்சராக இருந்த ஃப்ளூர் பெல்லரான் சியோலில் பிறந்து ஆறு மாதத்தில் தத்துப் போனவர்தான். ஆனால் சராசரிக்குக் கீழே ஒரு இருட்டும் உண்டு. 2002இல் லான்செட் இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வு, 1970களில் பிறந்து வெளிநாடுகளிலிருந்து தத்து வந்த 11,320 பேரை அரசுப் பதிவேடுகள் வழியாகப் பார்த்தது. கொரியாவில் பிறந்தவர்கள் அதில் கணிசம். ஸ்வீடனில் பிறந்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் தற்கொலை, தற்கொலை முயற்சி, மனநல சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர்வது எல்லாமே 3 முதல் 4 மடங்கு. 2013இல் மினசோட்டாக் குழு வெளியிட்டதிலும் தத்துப் பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு. இரண்டு நாட்டிலும் எண்ணிக்கையில் இது சிறுபான்மைதான், ஆனால் வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்கும் அளவு சின்னது இல்லை.

சாசர்டோட் போட்ட கணக்கு இதை ஏன் காட்டவில்லை என்று கேட்டால், அதன் அமைப்பே அப்படி. அது தத்துப் பிள்ளைகளுக்குள் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுகிறது. பெற்றவளை விட்டுப் பிரிந்தது, மொழி போனது, பெயர் மாறியது, வெள்ளைக்கார ஊரில் ஒற்றை ஆசிய முகமாக நின்றது, இவையெல்லாம் அத்தனை பேருக்கும் பொது. எல்லாருக்கும் பொதுவானது வித்தியாசத்தை உண்டாக்காது, வித்தியாசத்தை மட்டும் அளக்கும் தராசில் அதன் எடை பூஜ்யம். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். "எந்த வீடு" என்ற கேள்விக்கு அருமையான பதில் தரும் ஆய்வை எடுத்து, "தத்துக் கொடுத்தது நல்லதா" என்ற கேள்விக்கு ஒட்ட வைக்கிறார்கள்.

அன்பான வீடாக இருந்தால் இனப் பிரச்சினை வராதா?

வீட்டுக்குள் வராது. 1960, 70களில் வளர்ப்புப் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையே "வித்தியாசம் பார்க்காமல் உங்கள் பிள்ளையாகவே வளருங்கள்" என்பதுதான். அவர்களும் மனசார அப்படியே செய்தார்கள். விளைவு, மினசோட்டா மாதிரி இடத்தில் ஸ்காண்டிநேவியக் குடும்பப் பெயரோடு, நீலக்கண் அண்ணன் தங்கைகளோடு வளரும் பிள்ளை தன்னையும் வெள்ளைக்காரக் குழந்தையாகவே நினைத்துக்கொள்கிறது, பள்ளிப் பேருந்தில் எவனாவது கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்யும் நாள் வரை. அன்று வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா கட்டிப்பிடித்து "கண்டுகொள்ளாதே, உன்னை நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம்" என்பார். அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? அந்தக் கேலியை வாழ்நாளில் ஒருமுறையும் வாங்கியவர் இல்லையே. கறுப்பினத்து அம்மாவோ, குடியேறி வந்த ஆசிய அம்மாவோ தன் பிள்ளைக்கு அனுபவத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் பாடம் இந்த வீட்டில் கிடைக்க வழியில்லை.

ஈவன் பி. டொனால்ட்சன் தத்தெடுப்பு நிறுவனம் 2009இல் வளர்ந்துவிட்ட தத்துப் பிள்ளைகளிடம் கேட்ட ஆய்வில், கொரியாவில் பிறந்தவர்களில் 78 சதவீதம் பேர் சிறுவயதில் தங்களை வெள்ளையர் என்று நினைத்ததாக, அல்லது வெள்ளையராக இருக்க ஆசைப்பட்டதாகச் சொன்னார்கள். கோடை விடுமுறையில் கலாசார முகாம் என்று ஒன்றுக்கு அனுப்புவார்கள். கிம்ச்சி, டேக்குவாண்டோ, ஹன்போக் உடுப்பு, விசிறி நடனம், எல்லாம் சரி, ஆனால் அது வருடத்தில் ஒரு வாரம். பக்கத்து வீட்டில், வகுப்பில், கோயிலில் தன்னைப் போன்ற முகம் இருப்பதற்கு அது ஈடாகாது என்று வளர்ந்தவர்கள் பலர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

எந்த வயதில் தத்துப் போனார்கள் என்பது முக்கியமா?

முக்கியம். கைக்குழந்தையாகப் போனவர்களுக்கும் மூன்று நாலு வயதில் பேச்சு வந்த பிறகு போனவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. கொரியாவிலிருந்து போனவர்களில் நிறையப் பேர் சிறுசிலேயே போனார்கள், அதற்கு முன் பலர் பெரிய விடுதிகளில் கிடக்காமல் தற்காலிக வளர்ப்புத் தாய்மாரிடம் இருந்தார்கள். ஸ்வீடன் ராணுவத் தேர்வு மதிப்பெண்களில் கொரியாவில் பிறந்த தத்து இளைஞர்கள் மற்ற ஸ்வீடன் இளைஞர்களோடு ஏறக்குறைய சமமாகவும், வேறு நாடுகளிலிருந்து தத்து வந்தவர்கள் சற்றுக் கீழேயும் நின்றதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆவணங்களில் மோசடி என்று செய்தி வந்ததே. அது இந்த ஆய்வுகளைப் பாதிக்காதா?

தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் சொன்னது சாதாரணமான விஷயம் இல்லை. புகார் கொடுத்த 367 பேரில் முதல் கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றுக்கொண்டது. பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைகளை அநாதை என்று தனிப் பதிவேடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கிளம்ப வேண்டிய குழந்தை இறந்துபோனாலோ, உறவினர் திரும்பக் கூட்டிப் போனாலோ, அதே பெயரிலும் அதே தாளிலும் வேறு குழந்தையை ஏற்றி அனுப்பியதும் நடந்திருக்கிறது. அரசு மேற்பார்வை செய்யத் தவறியது என்பதே ஆணையத்தின் முடிவு.

ஆய்வுக் கணக்கைப் பொறுத்தவரை, விந்தையாக, பெரிய சேதம் இல்லை. தாளில் இருந்த கதை பொய்யாக இருந்தாலும் வரிசை வரிசைதான், குழந்தை வீட்டோடு சேர்ந்தது அந்தக் கதையை வைத்து அல்ல. சேதம் மனிதர்களுக்கு. நாற்பது வயதில் மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா" என்று கேட்டால் பதில் கிடையாது. பிறந்தநாள் என்று கேக் வெட்டிய தேதியே வேறு ஒரு குழந்தையுடையதாக இருக்கலாம்.

வளர்ப்புப் பெற்றோர் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. அமெரிக்காவில் தத்தெடுத்தால் மட்டும் அப்போது குடியுரிமை வந்துவிடாது, பெற்றோர் தனியாக மனு போட வேண்டும். சிலர் போடவில்லை, மறதியோ அலட்சியமோ தெரியாமையோ. 2000இல் சட்டம் போட்டுத் தானாகக் குடியுரிமை கிடைக்கச் செய்தார்கள், ஆனால் 2001 பிப்ரவரியில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். அதற்கு முன் வளர்ந்துவிட்டவர்கள் வெளியே நின்றார்கள். மூன்று வயதில் அமெரிக்கா போய், ஒரு வீடு கைவிட்டு, அடுத்த வீட்டில் கொடுமைப்பட்டு, எந்த வீட்டிலும் அந்தத் தாளைப் போடாததால், நாற்பதைத் தாண்டிய வயதில் 2016இல் கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஒருவரின் வழக்கு ரொம்பப் பேசப்பட்டது. கொரிய மொழி ஒரு வார்த்தை தெரியாமல் போய் இறங்கினார். குடும்பச் சூழல் என்று நாம் படிப்பையும் புத்தக அலமாரியையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம், போடாமல் விட்ட ஒரு மனு அந்த அலமாரியைவிடக் கனமாகிவிட்டது.

"தத்தெடுத்தால் பிள்ளைக்கு நம் வீட்டுப் பழக்கம் வராது, ரத்தம்தான் பேசும், ஆராய்ச்சியே சொல்கிறது" என்கிறார் என் மாமனார். என்ன பதில் சொல்ல?

அவர் சொல்வதில் பாதி சரி. பெற்ற பிள்ளை அளவுக்கு உங்கள் படிப்பு ஒட்டாது, உங்கள் சம்பளம் கிட்டத்தட்ட ஒட்டவே ஒட்டாது, தொப்பையும் ஒட்டாது. ஆனால் அதே ஆராய்ச்சியில்தான் குடிப் பழக்கம் தத்துப் பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒரே அளவில் ஒட்டுகிறது. மாமாவுக்கு ராத்திரி ஒரு கிளாஸ் போடும் பழக்கம் இருந்தால், பேரப்பிள்ளை வருவதற்கு முன்னால் பாட்டிலை எங்கே வைப்பது என்று அவரிடமே மெதுவாகக் கேளுங்கள்.